சிகரத்துக்கு ஆற்றின் பெயர்: ஆண்டீஸ் மலைகளும் கெச்சுவா மொழியும்

பெரு நாட்டின் ஆங்காஷ் பகுதியில் அல்பமாயோ என்றொரு பனிச்சிகரம் இருக்கிறது. உயரம் 5,947 மீட்டர். உச்சி வரை பனி மடிப்பு மடிப்பாக ஏறிப் போகும் கூர்மையான கூம்பு. 1966இல் மியூனிக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மலையேற்ற இதழ் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, உலகிலேயே அழகான மலை என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு பெருமை வாய்ந்த மலையின் பெயருக்குப் பொருள், மண்ணாறு. கெச்சுவா மொழியில் அல்ப்பா என்றால் மண், மாயு என்றால் ஆறு. பனியைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை.

அது மலையடியில் இருக்கும் பள்ளத்தாக்கின் பெயர். கலங்கல் நீர் ஓடும் இடத்துக்கு மண்ணாறு என்பது பொருத்தமான பெயர்தான். அது பிற்பாடு மேலே ஏறிச் சிகரத்தில் ஒட்டிக்கொண்டது. சிகரத்துக்கு ஏற்கெனவே ஷுய்துராஹு என்றொரு பெயர் இருந்தது: நீண்டு ஒடுங்கிய பனிமலை. உருவத்துக்கு அச்சாகப் பொருந்தும் அந்தப் பெயரை இன்று தேடிப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பெயர்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மலையே நல்ல வாசல். ஏறி வென்றவர் பெயரோ அரசர் பெயரோ இவற்றில் அதிகம் கிடையாது. கீழே மாடு, லாமா மேய்ப்பவர், உருளைக்கிழங்கு பயிரிடுபவர், கணவாய் தாண்டி அடுத்த ஊர் போகிறவர் இவர்கள் கண்ணில் பட்டதும், இவர்களுக்குத் தேவைப்பட்டதும்தான் பெயராகியிருக்கிறது. தண்ணீர் எங்கே, பாறை என்ன நிறம், வழி எங்கே பிரிகிறது, எது பெரிசு எது சின்னது. அப்புறம் ஸ்பானியர் வந்து அதைத் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். வரைபடக்காரர்கள் அதை நிலைநிறுத்தினார்கள். இன்று நாம் வாசிப்பது இந்த மூன்று கைகளும் பட்ட பெயர்.

கெச்சுவாவை ஒரே மொழி என்பதைவிட மொழிக் குடும்பம் என்பதுதான் சரி. பெரு, பொலிவியா, ஈக்வடார் மூன்றிலும் பெருவாரியாகவும், கொலம்பியா, அர்ஜென்டினா, சிலி நாடுகளில் சிறு அளவிலும் பேசப்படுகிறது. மொத்தம் 80 லட்சத்திலிருந்து ஒரு கோடிப் பேர் வரை என்பது வழக்கமான மதிப்பீடு. பெருவில் மட்டும் 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 38 லட்சம் பேர் இதைத் தாய்மொழியாகப் பதிவு செய்தார்கள். நடு பெருவில் பேசுவதும் தெற்கே குஸ்கோ நகரப் பக்கம் பேசுவதும் ஒருவருக்கொருவர் எளிதில் புரியாத அளவுக்கு வேறுபடும். ஈக்வடாரில் கிச்சுவா என்கிறார்கள். பேசுபவர்கள் பல இடங்களில் ருனாசிமி என்பார்கள், அதாவது மனிதர் பேச்சு.

கெச்சுவா என்ற பெயருக்கே மலையோடு தொடர்பு உண்டு. கிச்வா என்பது அதிகக் குளிரும் அதிக வெப்பமும் இல்லாத, மக்காச்சோளம் விளையும் நடுத்தர உயரத்துப் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். அங்கே வாழ்கிறவர்களின் பேச்சு என்ற வகையில் மொழிக்கு அந்தப் பெயர் வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1560இல் தொமிங்கோ தே சாந்தோ தோமாஸ் என்ற பாதிரியார் ஸ்பெயினில் அச்சிட்ட முதல் கெச்சுவா இலக்கணத்தின் வழியாக அது நூல்களில் நிலைத்தது.

ஆண்டீஸில் உயரம் என்பது முகவரி மாதிரி. எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய் என்று தெரிந்தால் என்ன பயிர் செய்கிறாய், என்ன உடுத்துகிறாய் என்பதும் தெரிந்துவிடும். பெருவின் புவியியலாளர் ஹாவியேர் புல்கார் விதால் 1930களின் கடைசியிலும் 40களின் தொடக்கத்திலும் நாட்டை எட்டு இயற்கை மண்டலங்களாகப் பிரித்தபோது, ஐரோப்பியப் பாடப்புத்தகச் சொற்களை விட்டுவிட்டு மக்கள் வாயில் இருந்த சொற்களையே எடுத்துக்கொண்டார். அவற்றில் வெப்பமான பள்ளத்தாக்கு யுங்கா. அதற்கு மேலே, 2,300 மீட்டரிலிருந்து 3,500 வரை கெச்சுவா. 4,000 வரை சுனி. 4,800 வரை புனா, அதாவது மரம் வளராத குளிர்ந்த புல்வெளி. அதற்கும் மேலே பனியும் பாறையும் மட்டுமே உள்ள ஹாங்கா. கிழக்கே அமேசான் பக்கம் இறங்கும் வெப்பச் சரிவுக்கு ருபாருபா; ருபா என்றால் சூடு. பெருவில் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள்.

இதில் புனா தனியாகவே ஊர் சுற்றியிருக்கிறது. சிலியிலும் வட அர்ஜென்டினாவிலும் உயரத்தில் மூச்சுத் திணறித் தலைசுற்றும் நோய்க்கே புனா என்று பெயர். இடத்தின் பெயர் அங்கே வரும் கோளாறுக்கும் ஆகிவிட்டது. பம்பா என்ற சமவெளிச் சொல் அர்ஜென்டினாவின் பரந்த புல்வெளிக்குப் போய், அங்கிருந்து உலகப் புவியியல் புத்தகங்களுக்குள் நுழைந்தது. பூமா, காண்டோர், லாமா ஆகியவையும் கெச்சுவாவிலிருந்து வந்தவைதான்.

பெயர் கட்டும் விதம் தமிழ் வாசகருக்குச் சிரமம் தராது. அடை முன்னால், பெயர் பின்னால். யானா என்றால் கறுப்பு, கோச்சா என்றால் ஏரி. யானகோச்சா என்பது அப்படியே நம் கருங்குளம். புக்கா சிவப்பு, யுராக் வெள்ளை, ரூமி கல், ரான்ரா கற்கள் குவிந்த இடம், பால்கா கிளை பிரியும் இடம், புங்கு வாசல், பாக்சா அருவி. ஓர் இருபது சொல் தெரிந்தால் பெருவின் மலை வரைபடத்தில் பாதியைப் படித்துவிடலாம்.

ஆங்காஷிலுள்ள வராஸ் நகரத்துக்குக் கிழக்கே நீளும் வெண்மலைத் தொடரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். புக்காரான்ரா: சிவந்த கற்குவியல். ரான்ராபால்கா: கற்கள் நிறைந்த கிளைப் பள்ளம். யானபாக்சா: கறுப்பு அருவி. தோக்ல்யாராஹு என்ற 6,034 மீட்டர் சிகரத்தின் முதல் பாதிக்குக் கண்ணி, பொறி என்று பொருள். பொறி வைத்த பனிமலை. ஏன் அப்படிச் சொன்னார்களோ, ஏறப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. வாஸ்கரான் மலைக்குப் பக்கத்தில் நிற்கும் சோப்பிகால்கியின் முன்பாதி சாவ்பி, அதாவது நடு. குஸ்கோவில் சாவ்பி என்று சொல்வதை இந்தப் பக்கத்து வட்டார வழக்கில் சோப்பி என்கிறார்கள். அவ் என்பது ஓ ஆவது அங்கே வழக்கமான ஒலிமாற்றம். வரைபடத்தில் உள்ள எழுத்தை வைத்தே எந்த ஊர்க் கெச்சுவா என்று சொல்லிவிடலாம்.

ராஹு என்ற முடிவுச் சொல்லும் அப்படித்தான். ஆங்காஷில் அது பனிமூடிய மலையைக் குறிக்கும். தெற்கே அயகுச்சோவில் ராசுவில்கா என்றொரு மலை இருக்கிறது. வடக்கே ஈக்வடாரில் சிம்போராசோ, கரிவைராசோ. இந்த ராசு, ராசோ எல்லாம் ஒரே சொல். ஆங்காஷ் வழக்கில் பழைய ச பல சொற்களில் ஹ ஆகிவிட்டது. மற்ற ஊர்களில் சாரா என்று சொல்லும் மக்காச்சோளம் அங்கே ஹாரா. பெயர் என்று பொருள்படும் சுத்தி அங்கே ஹுத்தி. அதே வழியில் ராசு ராஹுவானது. குஸ்கோ பக்கம் போனால் இந்தச் சொல்லையே காணோம்; அங்கே பனிக்கு ரித்தி. மலையைக் குறிக்கும் பொதுச் சொல்லும் மாறுகிறது: குஸ்கோவில் உர்கு, ஆங்காஷில் ஹிர்கா. அதனால்தான் புக்காஹிர்கா, செம்மலை, வடக்கே இருக்கிறது. பொலிவியாவிலுள்ள பொத்தோசியின் வெள்ளி மலைக்குப் பழைய பெயர் சுமாக் உர்கு, அழகிய மலை, தெற்கே இருக்கிறது. 1545இல் அந்த அழகிய மலையில் வெள்ளி கண்டுபிடித்த ஸ்பானியர் அதைப் பணக்கார மலை என்று பெயர் மாற்றினார்கள். இருவரும் எதற்காக அந்த மலையைப் பார்த்தார்கள் என்பது இரண்டு பெயர்களிலும் இருக்கிறது.

மலைகளுக்கு வயசும் உண்டு. ஈக்வடார் தலைநகர் கீத்தோவுக்கு மேலே இருக்கும் எரிமலைக்கு இரண்டு உச்சிகள்: ருக்கு பிச்சிஞ்சா, வாவா பிச்சிஞ்சா. ருக்கு என்றால் கிழவர், வாவா என்றால் குழந்தை. அமைதியாக இருப்பது கிழவர். 1999இல் புகை கக்கியது குழந்தை. ஸ்பானியருக்கு முன் ஆண்டீஸை ஆண்ட இன்காக்களின் இடிந்த நகரத்தால் புகழ்பெற்ற மாச்சு பிக்சுவும் இதே வகைதான். மாச்சு என்றால் முதியவர், அந்த வழியில் பெரியது. பிக்சு என்றால் சிகரம். எதிரே வாய்னா பிக்சு, இளையது. படங்களில் இடிபாடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்குமே, அது இளையது. மாச்சு பிக்சு என்பது முதலில் மலையின் பெயர், நகரத்தின் பெயரல்ல. 1911இல் அமெரிக்க ஆய்வுப்பயணி ஹைரம் பிங்கம் வந்தபின் அது இடிபாடுகளுக்கு உலகப் பெயராயிற்று. பெருவின் வரலாற்றாய்வாளர் தொனாத்தோ அமாதோ கொன்சாலேசும் அமெரிக்கத் தொல்லியலாளர் பிரையன் பாவரும் பழைய ஆவணங்களைப் பரிசீலித்து, இன்காக்கள் அந்த நகரத்தை வாய்னா பிக்சு என்றோ வெறுமனே பிக்சு என்றோதான் அழைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது நகரத்துக்கு எதிர் மலையின் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

வயசு வைப்பது வெறும் அளவுக் குறியீடு அல்ல. மலை இந்தப் பண்பாட்டில் ஓர் ஆள். குஸ்கோவில் பெரிய மலைகளுக்கு முன்னால் அபு என்று சேர்த்துச் சொல்வார்கள், பிரபு என்பது போல: அபு அவ்சங்காத்தே, அபு சால்கந்தாய். அயகுச்சோவில் அதே மரியாதைக்கு வமானி. ஈக்வடாரில் தைத்தா, மாமா. தைத்தா இம்பாபுரா அப்பா, மாமா கொத்தகாச்சி அம்மா. மழை தருவதும் மந்தையைக் காப்பதும் கோபித்தால் நோய் அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு. கோகா இலை படைத்துக் கேட்பது இன்றும் நடக்கிறது. குஸ்கோ அருகே ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் நடக்கும் கோய்யுர் ரித்தி திருவிழாவின் பெயரிலேயே நட்சத்திரமும் பனியும் இருக்கின்றன. அது நடப்பது கொல்கேபுங்கு, வெள்ளி வாசல், என்ற பனிமலையின் அடியில். யுனெஸ்கோ 2011இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆளென்றால் உடம்பும் வேண்டுமே. குங்கா என்றால் கழுத்து; சமீப ஆண்டுகளில் இணையத்தில் புகழ்பெற்ற வண்ண மலை வினிகுங்காவின் பின்பாதி அதுதான். மேடும் மேடும் சேரும் குறுகலான இடங்களுக்கு இந்தச் சொல் நிறைய வரும். ஞாவி என்றால் கண், ஈக்வடாரில் முகமும் கூட. ரூமிஞாவி என்ற எரிமலைக்குக் கல்முகம் என்று பொருள். தண்ணீர் கொப்பளிக்கும் ஊற்றையும் கண் என்றே சொல்வார்கள்.

நீரின் பெயரை மலைக்கு வைத்த கதை அல்பமாயோவோடு முடியவில்லை. அர்ஜென்டினா, சிலி எல்லையில் 6,739 மீட்டர் உயரத்தில் இருக்கிறது யுயாய்யாகோ எரிமலை. இன்காக்கள் பலியிட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் 1999இல் அதன் உச்சியில் கெடாமல் கிடைத்தன. அகழ்ந்தவர் யோஹன் ரைன்ஹார்ட். பெயரை யுயா, யாகு என்று பிரிப்பது வழக்கம்: பொய், தண்ணீர். பனி உருகி இறங்கும் நீர் பாதியிலேயே மண்ணுக்குள் போய்விடும் வறண்ட நாடு அது. தண்ணீர் இருக்கிறது என்று நம்பி வந்தவன் ஏமாந்துபோன மலை என்று படிக்கலாம். உலகின் மிக உயரமான எரிமலைகளில் ஒன்றை, கால்நடைக்குத் தண்ணீர் தேடுகிறவன் கோணத்திலிருந்து பெயரிட்டிருக்கிறார்கள் என்றால் எனக்கு வியப்பில்லை.

இனி எழுத்து. இன்காக்களுக்குக் கணக்கு வைக்கக் கிப்பு என்ற கயிற்று முடிச்சுகள் இருந்தன, எழுத்து இல்லை. ஆகவே எல்லாப் பெயரும் முதல்முதலில் ஸ்பானியக் காதில் விழுந்துதான் தாளில் ஏறியது. கெச்சுவாவில் நாக்கின் பின்பகுதியில் ஒலிக்கும் க ஒன்றும், தொண்டைக்குள் ஆழத்தில் ஒலிக்கும் க ஒன்றும் தனித்தனி. ஸ்பானியத்தில் அந்த வேறுபாடு கிடையாது. உயிரெழுத்து மூன்றே: அ, இ, உ. ஆனால் அந்த ஆழமான க பக்கத்தில் வந்தால் இ சற்று எ போலவும் உ சற்று ஒ போலவும் கேட்கும். அதனால் குச்சா கோச்சா ஆயிற்று, உர்கு ஓர்கோ ஆயிற்று. வ ஒலிக்கு ஸ்பானியர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதினார்கள். பெயரின் பின்பாதியாக வந்த பம்பாவின் ப பல ஊர்களில் வல்லொலியாக நிற்காமல் ஆங்கில b போல மெலிந்து கோச்சபம்பா, வில்கபம்பா, ரியோபம்பா என்றானது. கடைசிப் பெயரில் ரியோ ஸ்பானியம், பம்பா கெச்சுவா. மலைகளிலும் இப்படிக் கலப்பு உண்டு. ஆர்த்தேசோன்ராஹு என்ற 6,025 மீட்டர் சிகரத்தின் முன்பாதி ஸ்பானியம், பின்பாதி ஆங்காஷ் கெச்சுவா.

இதைவிட வேடிக்கை இரட்டிப்புப் பெயர்கள். ஸ்பானிய வரைபடத்தில் யானகோச்சா ஏரி, தோக்ல்யாராஹு பனிமலை என்று போடுவார்கள். கருங்குள ஏரி, பொறிப்பனிமலைப் பனிமலை. பின்னொட்டின் பொருள் மறந்துபோனதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, இருபது சொல் போதும் என்று மேலே சொன்னேன். அதில் ஆபத்தும் இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கெச்சுவாவாகப் பிரிப்பது சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த விளையாட்டு. ஆனால் கெச்சுவா வருவதற்கு முன்பே இந்த மலைகளில் வேறு மொழிகள் இருந்தன: ஐமாரா, புக்கினா, பெருவின் வடக்கில் குயே, ஈக்வடாரில் புருஹா, கன்யாரி போன்றவை. பல அழிந்தேவிட்டன. உமா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கெச்சுவாவில் தலை, ஐமாராவில் தண்ணீர். ஒரு பெயரில் உமா வந்தால் மலைத்தலையா, நீரூற்றா என்பது அந்த ஊரில் முன்பு யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஏரிக்கும் அப்படி ஓர் அடையாளம் இருக்கிறது: கோச்சா என்று முடிந்தால் கெச்சுவா, கோத்தா என்று முடிந்தால் ஐமாரா. பொலிவியா, சிலி எல்லையிலுள்ள பரினகோத்தா எரிமலையின் பெயர் இரண்டாவது வகை. பூநாரை ஏரி என்று பொருள்; இங்கும் ஏரியின் பெயரை எரிமலை வாங்கிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கக் கண்டங்களிலேயே உயர்ந்த, அர்ஜென்டினாவிலுள்ள அகோன்காகுவா, 6,961 மீட்டர், இந்தச் சண்டையின் நடுவில் நிற்கிறது. கல் காவலன் என்ற கெச்சுவா விளக்கம் சுற்றுலாப் பிரசுரங்களில் கம்பீரமாக வரும். மாபுச்சே மக்களின் மொழியில் அக்கரையிலிருந்து வருவது என்று பொருள் சொல்லி, அது முதலில் சிலிப் பக்கத்து ஆற்றின் பெயர் என்பாரும் உண்டு. ஐமாரா விளக்கமும் இருக்கிறது. கல் காவலன் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். இந்தப் பகுதியில் உண்மையான பெயர்கள் பெரும்பாலும் மண்ணாறு, கருங்குளம் போலச் சாதாரணமாக இருக்கும்.

பெருவின் உயரமான மலை வாஸ்கரானுக்கு, 6,768 மீட்டர், இன்கா அரசன் வாஸ்காரின் பெயர் வைத்தார்கள் என்று பல நூல்கள் சொல்கின்றன. ஆனால் மாத்தராஹு, இரட்டைப் பனிமலை, என்ற பெயரும் அதற்கு உண்டு. வடக்கு உச்சி, தெற்கு உச்சி என்று இரண்டாகப் பிளந்து நிற்கும் மலையைக் கீழிருந்து பார்க்கிறவர் வேறென்ன சொல்வார்? அதே தொடரில் சக்ராராஹுவும் இரட்டை உச்சியோடு நிற்பதால் அதையும் மாத்தராஹு என்பதுண்டு. ஒரே பெயர் இரண்டு மலைக்கு என்றால் வரைபடக்காரருக்குத் தலைவலி. உள்ளூர்க்காரருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அவரவர் பள்ளத்தாக்கிலிருந்து தெரியும் இரட்டை மலை ஒன்றுதான்.

குஸ்கோ நகரத்தின் பெயருக்கே இந்தக் கதி. உலகின் தொப்புள் என்று வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ தே லா வேகா 1609இல் எழுதியதை இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கெச்சுவாவில் தொப்புளுக்குச் சொல் புபு. ஆந்தை என்று பொருள்படும் ஐமாராச் சொல்லிலிருந்து, ஆந்தைப் பாறை என்ற பெயரிலிருந்து, அது வந்தது என்று மொழியியலாளர் ரொதோல்ஃபோ செர்ரோன் பாலோமினோ வாதிடுகிறார். இன்காக்களே முதலில் கெச்சுவா பேசியவர்கள் அல்லர் என்பது அவருடைய கருத்து. கெச்சுவாவின் பிறப்பிடம் குஸ்கோ அல்ல, நடு பெருவின் பக்கம் என்று இன்னொரு மொழியியலாளர் அல்ஃபிரேதோ தொரேரோ அதற்கு முன்பே காட்டியிருந்தார். குஸ்கோவில் இதைச் சொல்லிப் பாருங்கள். நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள்.

எழுத்துச் சண்டையும் ஓயவில்லை. 1975இல் பெரு கெச்சுவாவை ஆட்சிமொழியாக்கியது. 1985இல் மூன்று உயிரெழுத்து போதும் என்று அரசு எழுத்துமுறையை வகுத்தது. குஸ்கோவிலுள்ள கெச்சுவா கழகமோ ஐந்து வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறது. 1990இல் குஸ்கோ நகராட்சி தன் ஊர்ப் பெயரையே கொஸ்கோ என்று எழுதத் தீர்மானித்தது. ஆகவே ஒரே மலைக்கு மூன்று எழுத்துமுறை உண்டு: பழைய ஸ்பானிய முறை, மூன்றுயிர் முறை, ஐந்துயிர் முறை. இணையத்தில் தேடுகிறவர்கள் மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் மாறாமல் மலை மாறுவது இன்னொரு பக்கம். பெருவின் பனிப்பாறைப் பரப்பு கடந்த அறுபது ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஈக்வடாரின் கரிவைராசோவில் ஆண், காற்று, பனி மூன்றும் பெயரில் இருக்கின்றன. மலைமீது பனி ஏறக்குறைய தீர்ந்துபோயிற்று. உருகிய நீர் ராஹுவை விட்டு இறங்கிக் கோச்சாவில் சேர்கிறது. வராஸுக்கு மேலே பால்காராஹு, புக்காரான்ரா சிகரங்களின் அடியில் பால்காகோச்சா என்ற ஏரி இருக்கிறது. 1941 டிசம்பர் 13 அன்று அதன் கரை உடைந்து நகரத்தின் ஒரு பகுதியை அடித்துப்போனதில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பிறகு வற்றிக் கிடந்த ஏரி பனி உருக உருக மறுபடி பெருகியது. குழாய் போட்டு நீரை வெளியேற்றி வருகிறார்கள். வராஸைச் சேர்ந்த விவசாயி ஒருவர், உருகலில் உங்கள் புகைக்கும் பங்கு உண்டு, தடுப்புச் செலவில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்று ஜெர்மனியின் பெரிய மின் நிறுவனம் ஒன்றின் மீது வழக்குப் போட்டார். 2025 மே மாதம் ஹாம் நகர உயர் நீதிமன்றம், அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்து போதிய அளவு இல்லை என்று வழக்கைத் தள்ளியது. ஆனால் இப்படிப்பட்ட பாதிப்புக்குப் பெரிய மாசு நிறுவனங்களைப் பொறுப்பாக்க ஜெர்மன் சட்டத்தில் கொள்கையளவில் இடம் உண்டு என்றும் சொல்லியிருக்கிறது.